போனுக்குள் ஒரு மீன்வலை! நடுக்கடலில் எல்லைக்கோட்டைக் காட்ட உதவும் குட்டி ‘சீப்பு’

ராத்திரி நேரம். புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்தில் இருந்து கிளம்பின ஒரு விசைப்படகு, பாக் நீரிணைக்குள்ள போய்க்கிட்டு இருக்குனு வெச்சுக்கோங்க. சுத்திப் பார்த்தா இருட்டும் தண்ணியும்தான். ஆனா, அந்தத் தண்ணிக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை. தாண்டினா கைது, படகு பறிமுதல், மாதக்கணக்கில் வழக்கு.

அந்தக் கோட்டுக்கு வேலி கிடையாது, வரிசையா மிதவை கிடையாது. 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்கப்பட்ட ஆறு புள்ளிகள் இருக்கின்றன. பாக் நீரிணையில் அவற்றை இணைத்தால் வருவதுதான் எல்லை. அதாவது, அது எண்களால் மட்டுமே ஆன கோடு. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. எண்களைப் படிக்கத் தெரிந்த ஒரு கருவிக்குத்தான் தெரியும். படகில் இருக்கும் ஜி.பி.எஸ் கருவி, இல்லைன்னா நம்ம கையில் இருக்கும் அதே ஸ்மார்ட்போன்.

“நாங்க நம்ம பக்கம்தான் இருந்தோம்”, “இல்லை, தாண்டி வந்தாங்க” என்று கைதுச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோமே... அந்த வாதம் கடைசியில் சில எண்களைப் பற்றியதுதான்.

சரி, அந்த எண்ணை போன் எப்படிச் சரியா சொல்லுது? “சாட்டிலைட்டில் இருந்து சிக்னல் வருது, அதான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். உண்மையில் சிக்னல் வருவது பெரிய விஷயமே இல்லை. அதோடு சேர்ந்து வரும் மற்ற எல்லாத்தையும் வெளியே தள்ளுவதுதான் பெரிய விஷயம். அந்த வேலையைச் செய்வது போனுக்குள் இருக்கும் கடுகு சைஸ் பொருள் ஒன்று. பெயர், ஃபில்டர்.

திருவிழா ஸ்பீக்கருக்கு நடுவே ஒரு கிசுகிசு

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை சிக்னல் அனுப்பச் செலவழிக்கும் சக்தி சில பத்து வாட். கிட்டத்தட்ட வீட்டு டியூப்லைட் ஒன்று எரியும் அளவு. அவ்வளவு தூரம் கடந்து, பாதி பூமி மேல் பரவி, நம்ம போன் ஆன்டெனாவைத் தொடும்போது மிச்சம் இருப்பது எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதையும் நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு. அவ்வளவுதான்.

இப்போ அதே போன் டவரோட பேசணும்னா, அதிகபட்சம் 0.2 வாட் வரை சக்தியை வெளியே அனுப்பும். 0.2 வாட் சின்னதா தெரியலாம். ஆனா, வந்து சேரும் ஜி.பி.எஸ் சிக்னலோட ஒப்பிட்டா, அது 20 கோடி கோடி மடங்கு பெரிசு.

திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸை அடுக்கிவெச்சு அலறவிடும்போது, பக்கத்துத் தெருவில் இருந்து பாட்டி ஏதோ கிசுகிசுக்கிறாங்க. அது உங்க காதில் விழணும். போனோட நிலைமை இதைவிட மோசம். ஏன்னா, அந்த ஸ்பீக்கர் போனோட வாயிலேயே கட்டியிருக்கு!

காதைத் தீட்டி வெச்சுக்கிட்டா சரியாகிடுமா? ஆகாது. காதைத் தீட்டினால் ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்து பெருசாகும். தேவை, பாட்டியோட குரலை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே நிறுத்தும் ஒரு கதவு.

செவுள் வலைக்குத் தெரிந்த ரகசியம்

இதுக்கு ஜெகதாப்பட்டினத்துக்காரங்களுக்கு விளக்கமே தேவையில்லை. செவுள் வலையைப் பாருங்க. சின்ன மீன் கண்ணி வழியா நழுவிப் போயிடும். ரொம்பப் பெரிய மீனோட தலையே உள்ளே நுழையாது. கண்ணிக்கு ஏத்த சைஸ் மீன் மட்டும் செவுள் சிக்கி மாட்டிக்கும். எந்த மீன் வேணும்னு முடிவு பண்றது வலையோட கண்ணி அளவு.

ரேடியோ ஃபில்டரும் அதே மாதிரிதான். அதற்கு ‘சைஸ்’ என்பது அலைவரிசை, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை முறை அலை ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. ஜி.பி.எஸ்ஸுக்கு அது 1,575.42 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 157 கோடி முறைக்கும் மேல்! அதற்குக் கீழே இருப்பதும் வேண்டாம், மேலே இருப்பதும் வேண்டாம், இது மட்டும் வேணும்.

காற்றில் எவ்வளவு நெரிசல் என்று ஒரு ரவுண்ட் பார்த்திடலாம்:

● 4ஜியின் ‘1,800’ பேண்டில் உங்க போன் டவருக்கு அனுப்புவது 1,710 முதல் 1,785 மெகாஹெர்ட்ஸ் வரை. டவர் உங்களுக்கு அனுப்புவது 1,805 முதல் 1,880 வரை. இரண்டுக்கும் நடுவில் வெறும் 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. பேசுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

● நம்ம ஊர் 4ஜியில் டேட்டாவுக்கு அதிகம் பயன்படும் ‘2,300’ பேண்ட், 2,300-ல் ஆரம்பித்து 2,400-ல் முடிகிறது. வைஃபை, ப்ளூடூத் எங்கே ஆரம்பிக்குது? அதே 2,400-ல். நடுவில் காம்பவுண்ட் சுவரே இல்லாத ரெண்டு வீடு மாதிரி.

அந்த பேண்டில் டேட்டா இழுத்துக்கிட்டே நண்பருக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கிறீங்களே... அப்போ ஒரே போன், ஒரு பக்கம் 2,300 பேண்டில் டவரோட பேசுது, இன்னொரு பக்கம் 2,400-க்கு மேல் வைஃபையில் பேசுது. ஒன்று மற்றொன்றின் காதைச் செவிடாக்காமல் இருப்பதற்குக் காரணம் ஃபில்டர்தான். இன்றைய 5ஜி போனில் இப்படிப் பல பத்து ஃபில்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு வலை!

ரேடியோவை சத்தமாக மாற்று!

பழைய ரேடியோ பெட்டியில் காயிலும் கண்டன்சரும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. ஆனால் இவ்வளவு நெருக்கமான பேண்டுகளைப் பிரிக்கும் கூர்மை அவற்றுக்கு இல்லை. காயிலில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிவிடும். வலையின் கண்ணி தளர்ந்த மாதிரி, பக்கத்து மீனும் சேர்ந்து வந்துவிடும். கூடவே, போனில் அதற்கு இடமும் இல்லை.

இதற்கு விஞ்ஞானிகள் பிடித்த வழி கேட்டால் ஆச்சர்யமா இருக்கும். ரேடியோ அலையை அப்படியே சத்தமாக மாற்றிவிடுவது! நம்ம காதில் விழும் சத்தம் இல்லை. ஒரு படிகத்துக்குள் ஓடும் நுண்ணிய அதிர்வு.

இந்த வித்தையின் பெரிய அண்ணன் படகிலேயே இருக்கிறார். ‘எக்கோ சவுண்டர்’ என்று சொல்வார்களே, மீன் கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் காட்டும் கருவி. படகின் அடியில் இருக்கும் அதன் முனையில் ஒரு பீங்கான் வில்லை உண்டு. அதற்கு மின்சாரம் கொடுத்தால் நெளிந்து அதிரும், தண்ணீருக்குள் சத்தம் போகும். திரும்பி வரும் எதிரொலி அந்த வில்லையை அழுத்தினால், அதிலிருந்து மின்சாரம் வரும். மின்சாரம் கொடுத்தால் நெளிவது, நெளித்தால் மின்சாரம் தருவது. இந்தக் குணத்துக்குப் பெயர் பீசோ எலெக்ட்ரிக். ‘நெளித்தால் மின்சாரம்’ என்ற பாதியை 1880-ல் பிரான்ஸில் பியரி கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். சமையலறையில் ‘டிக்’ என்று அழுத்தினால் பொறி வரும் கேஸ் லைட்டர் இருக்கிறதே, பல லைட்டர்களில் நடப்பதும் இதே விஷயம்தான்.

போனில் இருக்கும் ஃபில்டரிலும் அப்படி நெளியும் ஒரு படிகம் இருக்கிறது, பெரும்பாலும் லித்தியம் டான்டலேட் அல்லது லித்தியம் நையோபேட். அதன் வழவழப்பான மேற்பரப்பில், உலோகத்தால் ரெண்டு சீப்புகளை ஒன்றின் பற்களுக்கு நடுவே இன்னொன்றின் பற்கள் வருகிற மாதிரி கோத்து வரைந்திருப்பார்கள். ரெண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்க, அதேதான். ஆன்டெனாவில் இருந்து வரும் மின் அலையை இந்தச் சீப்புக்குக் கொடுத்தால், பற்களுக்கு இடையே இருக்கும் படிகம் நெளியும். அந்த நெளிவு, குளத்தில் கல் போட்டால் பரவும் அலை மாதிரி, படிகத்தின் மேற்பரப்பில் ஓடும். இதற்குப் பெயர் மேற்பரப்பு ஒலி அலை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘சா’ ஃபில்டர் என்பார்கள்.

ஏன் சத்தம்?

காரணம், வேகம். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகும், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். படிகத்தின் மேல் ஓடும் ஒலி அலையோ நொடிக்கு 4 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். கிட்டத்தட்ட லட்சம் மடங்கு மெதுவு. வேகம் குறைந்தால், அதே அலைவரிசையில் அலையின் நீளமும் அதே அளவு சுருங்கும். காற்றில் 19 சென்டிமீட்டர் நீளமாக இருந்த ஜி.பி.எஸ் அலை, படிகத்தில் ஏறியதும் சுமார் 2.5 மைக்ரோமீட்டர் ஆகிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் ஒரு முழத்துக்கு வரவேண்டிய ஃபில்டர் கடுகுக்குள் அடங்குகிறது.

சரி, அந்தச் சீப்பு எப்படி 1,575-ஐ மட்டும் பொறுக்கி எடுக்குது? ஊஞ்சல் ஆட்டிவிட்ட அனுபவம் இருக்குல்ல? ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து தள்ளினால், ஒவ்வொரு தள்ளும் சேர்ந்து சேர்ந்து உயரமா போகும். நேரம் தப்பித் தள்ளினால், நீங்களே அதை நிறுத்திடுவீங்க. சீப்பின் ஒவ்வொரு பல்லும் படிகத்தை ஒரு தள்ளு தள்ளுகிறது. முதல் பல் கிளப்பிய அலை அடுத்த பல்லுக்கு வந்து சேரும் நேரமும், மின் அலை அடுத்த தள்ளு கொடுக்கும் நேரமும் பொருந்தினால் அலை வளரும். பொருந்தாவிட்டால் ஒன்றை ஒன்று கேன்சல் செய்துவிடும். எந்த அலைவரிசைக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது பற்களின் இடைவெளி. வலையில் கண்ணி அளவு எப்படியோ, இங்கே பல் இடைவெளி அப்படி.

அந்தப் பக்கம் இன்னொரு சீப்பு, வந்து சேரும் அதிர்வை மறுபடி மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும். தேர்வான சிக்னல் மட்டும் வெளியே வரும். இதுதான் அடிப்படை. இன்றைய போன்களில், அதிர்வைத் திருப்பி அனுப்பும் வரிகளைச் சீப்பின் ரெண்டு பக்கமும் போட்டு, இன்னும் கூர்மையாகச் செய்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால், ஜி.பி.எஸ் ஃபில்டரில் ஒரு பல்லின் அகலம் சுமார் 0.6 மைக்ரோமீட்டர். நம்ம தலைமுடி சுமார் 75 மைக்ரோமீட்டர் தடிமன். அப்படின்னா, ஒரே ஒரு முடியின் அகலத்துக்குள் இந்தச் சீப்பின் சுமார் 60 பற்கள் அடங்கும்! தலைமுடிக்குச் சீப்பு தெரியும், தலைமுடியைவிடச் சின்ன சீப்பு இதுதான்.

இதைக் கத்தியால் செதுக்க முடியாது. சிலிக்கான் சிப் செய்யும் அதே முறைதான். படிகத் தகட்டின் மேல் ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைத் தடவி, சீப்பின் நிழலை அதன்மேல் விழவைத்து, கழுவி எடுத்து, உலோகத்தைப் படியவைப்பார்கள். ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கான ஃபில்டர்கள் ஒன்றாகத் தயாராகும். ஒரு தூசி விழுந்தாலும் பல பற்கள் காலி. அதனால் ஆபரேஷன் தியேட்டரைவிடச் சுத்தமான அறைகளில்தான் இந்த வேலை நடக்கும்.

தாத்தா வீட்டு டிவியிலும் இருந்துச்சு!

இந்த மேற்பரப்பு அலையைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் இங்கிலாந்தின் லார்டு ரேலி, 1885-ல். அவர் காலத்தில் அது நிலநடுக்கத்தைப் புரிந்துகொள்ள உதவிய கணக்கு. பூமி அதிரும்போது தரையின் மேற்பரப்பில் ஓடும் அலையும் இதே வகைதான். 80 வருஷம் கழித்து, 1965-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஒயிட், வோல்ட்மர் என்ற இருவர், கோத்த சீப்பை வைத்து அந்த அலையைப் படிகத்தில் நேரடியாகக் கிளப்பலாம் என்று காட்டினார்கள்.

முதலில் ராணுவ ரேடார்களுக்குப் போன இது, பிறகு வீட்டுக்கு வந்தது டிவி வழியாக. உங்க தெருவில் பழைய டிவி மெக்கானிக் அண்ணன் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. “சா ஃபில்டரா? எத்தனை மாத்தியிருப்பேன்!” என்பார். தாத்தா வீட்டு கலர் டிவியில் படமும் சத்தமும் பக்கத்து சேனலோடு கலக்காமல் பார்த்துக்கொண்டது அதுதான்.

ஆனால் அலைவரிசை ஏற ஏற, பல் இன்னும் மெலிய வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் பல் தாங்காது. அங்கே வந்தது அடுத்த தலைமுறை. மேற்பரப்பில் அலையை ஓடவிடாமல், அலுமினியம் நைட்ரைடு என்ற பொருளை மைக்ரோமீட்டர் கணக்கில் மெல்லிய ஏடாக்கி, அதன் தடிமனுக்குள்ளேயே மேலும் கீழுமாக அதிரவைத்தார்கள். ஏடு மெலிய மெலிய அலைவரிசை ஏறும். ஒரு வகையில் இந்த ஏடு காற்றுக் குழியின் மேல் தோல் இழுத்துக் கட்டிய பறை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் எச்.பி. நிறுவனத்தில் 90-களில் ரிச் ரூபி என்பவரின் குழு வளர்த்த இந்த நுட்பம், 2000-களின் தொடக்கத்தில் செல்போன்களுக்குள் வந்தது. இன்று அந்தப் பிரிவு பிராட்காம் நிறுவனத்திடம் இருக்கிறது. 2023 மே மாதம் ஆப்பிள் பிராட்காமோடு பல நூறு கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டதே... அதில் வாங்குவதாக ஆப்பிள் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பொருள்களில் ஒன்று இந்த ஃபில்டர்தான்.

வெயில் பட்டால் வலை சுருங்கும்

ஒரு சிக்கல் இருக்கிறது. நம்ம ஊர் வெயில்! சூடானால் படிகம் கொஞ்சம் இளகும், அலையின் வேகம் குறையும், ஃபில்டரின் ‘கண்ணி அளவு’ நகர்ந்துவிடும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத லித்தியம் டான்டலேட் ஃபில்டரில், ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 40 பங்கு அளவுக்கு நகரும். கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா 40 டிகிரி சூடு ஏறினா, 2,400 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 4 மெகாஹெர்ட்ஸ். நடுவில் சுவரே இல்லாத அந்த ரெண்டு வீட்டுக்கு இது பெரிய தொல்லை.

அதனால், சூட்டில் இறுகும் குணம் கொண்ட சிலிக்கா கண்ணாடிப் பூச்சை மேலே படியவைக்கிறார்கள். படிகம் இளக, கண்ணாடி இறுக, ரெண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்ளும். நடுப்பகலில் படகின் மேல்தளத்தில் கிடக்கும் போனும் ஓரளவு ஒழுங்காக வேலை செய்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன.

வலை சரியில்லைன்னா என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒரு நிஜக் கதை இருக்கு. லைட்ஸ்கொயர்டு என்ற நிறுவனம், நாடு முழுக்க 4ஜி கொடுக்கப்போவதாக அறிவித்தது. அவர்களிடம் இருந்த இடம் 1,525 முதல் 1,559 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜி.பி.எஸ்ஸுக்குப் பக்கத்து வீடு! 2011-ல் சோதனை செய்து பார்த்தபோது, பல ஜி.பி.எஸ் கருவிகள் தடுமாறின. வேடிக்கை என்னன்னா, செல்போன்களைவிட அதிகம் அடிவாங்கியது விவசாயம், நில அளவைக்குப் பயன்படும் விலை உயர்ந்த துல்லியக் கருவிகள். அவை அதிகத் துல்லியத்துக்காகக் கதவை அகலமாகத் திறந்துவைத்திருந்தன. போன்களிலோ குறுகலான ஃபில்டர். 2012 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் திட்டத்துக்குத் தடை போட முன்வந்தது. அதே வருஷம் மே மாதம் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பக்கத்து அலைவரிசைக்காரர் யாரென்பது, ஒரு கம்பெனியையே கவிழ்க்கும் விஷயம்.

நம்ம நாவிக் போனுக்குள் வர ஏன் இவ்வளவு நாள்?

இந்தியாவுக்கு இஸ்ரோ உருவாக்கிய சொந்த வழிகாட்டி நாவிக். அதன் முதல் செயற்கைக்கோள் 2013-ல் ஏவப்பட்டது. ஆனா, நம்ம போன்களில் அது ஏன் உடனே வரலை? இப்போ உங்களுக்கே பதில் பாதி தெரிஞ்சிருக்கும்.

முதல் தலைமுறை நாவிக் பயன்படுத்தியது ரெண்டு இடங்களை. ஒன்று 1,176.45 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று 2,492.028 மெகாஹெர்ட்ஸ். ரெண்டாவதைப் பாருங்க, வைஃபையின் எல்லை 2,483.5-ல் முடியுது. நாவிக் அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கு. போனோட வைஃபை அலறும்போது பக்கத்தில் செயற்கைக்கோள் கிசுகிசுவைக் கேட்பது லேசான காரியம் இல்லை. 1,176-க்கோ, அன்றைய சாதாரண போன்களில் அதற்கான ஃபில்டரும் ஆன்டெனாவும் இல்லை. புதிதாகச் சேர்த்தால் விலை ஏறும். 2020 ஜனவரியில்தான் நாவிக் வசதியோடு சில ஸ்னாப்டிராகன் சிப்கள் அறிவிக்கப்பட்டன. 2023-ல் ஐபோன் 15 ப்ரோவில் வந்தது.

2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, மூன்றாவதாக ஓர் அலைவரிசையைச் சேர்த்தது. எது தெரியுமா? அதே 1,575.42! உலகத்தில் இருக்கும் ஜி.பி.எஸ் போன்களில் எல்லாம் ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு. புது வாசல் கட்டச் சொல்லாமல், இருக்கும் வாசல் வழியாகவே வீட்டுக்குள் வரும் புத்திசாலித்தனம். பட்ஜெட் போன் வைத்திருக்கும் மீனவருக்கும் நாவிக் போய்ச் சேர இதுதான் நேர்வழி.

மோப்பம் பிடிக்கும் சீப்பு

இதே சீப்பு ஃபில்டராக மட்டும் இல்லாமல், சென்சாராகவும் வேலை பார்க்கும். படிகத்தின் மேல் குறிப்பிட்ட வாயுவை மட்டும் பிடித்துவைக்கும் ஒரு பூச்சைத் தடவினால், வாயுவின் மூலக்கூறுகள் ஒட்ட ஒட்ட எடை கூடும், அலை மெதுவாகும், அலைவரிசை இறங்கும். தராசில் நிற்காத எடையைக்கூட இதில் அளந்துவிடலாம்.

மீன் கெட ஆரம்பித்தால் அதிலிருந்து ட்ரைமெத்தில் அமைன் என்ற பொருள் வரும். கெட்ட மீனின் நாற்றத்துக்குப் பெரிய காரணம் அதுதான். மூக்குக்குத் தெரியும் முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்கும் அதிர்வு சென்சார்களை உலகின் பல ஆய்வகங்கள் முயன்று பார்க்கின்றன. ஐஸ் பெட்டியில் போகும் இறாலுக்கும் நண்டுக்கும் விலை நிர்ணயிப்பதே ஃப்ரெஷ்னெஸ் என்பதால், கடலோர ஊர்களுக்கு இது சும்மா சயின்ஸ் செய்தி இல்லை. இந்த அளவு நுண்ணிய கருவிகளைச் செய்துபார்க்கும் சுத்த அறைகள் சென்னை ஐ.ஐ.டியிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸியிலும் இருக்கின்றன. பிசிக்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

சீப்பால் முடியாதது

மறுபடி ஜெகதாப்பட்டினத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 30 அன்று, 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இந்தக் கருவி, டவர் இல்லாத இடத்தில் இருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், வாங்கும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ஒரே பெட்டி அனுப்பவும் வேணும், கிசுகிசுவைக் கேட்கவும் வேணும் என்றால், அதற்குள்ளும் ஃபில்டர் இல்லாமல் முடியாது.

ஆனால் ரெண்டு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லணும்.

ஒன்று, பக்கத்து அலைவரிசைச் சத்தத்தைத்தான் ஃபில்டரால் தடுக்க முடியும். யாராவது வேண்டுமென்றே அதே 1,575.42-ல் இரைச்சலோ, போலி சிக்னலோ அனுப்பினால், ஃபில்டர் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடும். அதே சைஸ் மீன் என்றால் வலைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால், ரெண்டு மூன்று அலைவரிசைகளில் கேட்கும் கருவி, ஒன்றில் மட்டும் கேட்பதைவிட நம்பகமானது.

இன்னொன்று, கைதுகளுக்கெல்லாம் காரணம் எல்லை தெரியாததுதான் என்று நினைத்தால் அது தப்பு. பாக் நீரிணை குறுகலான கடல். மீன், எல்லை பார்த்து நீந்துவதில்லை. இந்தப் பக்கம் பிழைப்புப் பிரச்னை. அந்தப் பக்கம், இந்திய விசைப்படகுகளின் இழுவலையால் தங்கள் வலைகளும் கடலடியும் நாசமாவதாகச் சொல்லும் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-ல் இழுவலை மீன்பிடிப்பைச் சட்டம் போட்டே தடை செய்தது. இதையெல்லாம் ஒரு கடுகு சைஸ் ஃபில்டர் தீர்த்துவைக்காது. அது பேசித் தீர்க்க வேண்டியது.

ஃபில்டர் செய்யக்கூடியது ஒன்றுதான். “நான் எங்கே இருக்கேன்?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்க உதவுவது. எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும் ராத்திரியில், அந்தப் பதில்தான் உதவி கேட்பவர் சொல்ல வேண்டிய முதல் தகவல்.

கடலுக்குப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!

● டவர் இல்லைன்னா ஜி.பி.எஸ் வேலை செய்யாதுன்னு நினைக்காதீங்க. ஜி.பி.எஸ் கேட்க மட்டும்தான் செய்யும். பெரும்பாலான போன்களில் ஃப்ளைட் மோடிலும் லொக்கேஷன் ஓடும். டவரைத் தேடித் தேடி பேட்டரி கரைவதும் குறையும்.

● கரையில் டேட்டா இருக்கும்போதே ஆஃப்லைன் மேப்பை டவுன்லோடு பண்ணிடுங்க. ஒருமுறை லொக்கேஷனைப் பிடிக்கவும் விடுங்க. செயற்கைக்கோள்களின் விவரத்தை நெட் வழியாக வாங்கிவைத்துக்கொண்டால், அடுத்த சில மணி நேரத்துக்கு போன் சீக்கிரம் இடத்தைப் பிடிக்கும்.

● திறந்த வானத்தில் போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் வரை முன்பின் இருக்கலாம். தகரக் கூரைக்கு அடியில் இன்னும் மோசமாகும். வானம் தெரியும் இடத்தில் வைங்க. ஆனா நேரடி வெயில் வேண்டாம்.

● மேப் ஆப்பில் தெரியும் கோட்டை நம்பி எல்லைப் பக்கம் போகாதீங்க. படகின் ஜி.பி.எஸ் கருவியில் எல்லைப் புள்ளிகளைச் சரியாகப் பதிந்துவைப்பதுதான் முறை. போன் அதற்குத் துணை மட்டும்தான்.

● ஆபத்தில், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம். வி.எச்.எஃப் கருவி இருந்தால் சேனல் 16. முதலில் சொல்ல வேண்டியது திரையில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை.

அடுத்த முறை மேப்பைத் திறந்ததும் அந்த நீலப் புள்ளி ‘டக்’னு வந்து உட்கார்ந்தா, ஒரு செகண்ட் யோசிச்சுப் பாருங்க. முடியைவிட மெல்லிய பற்கள் வைத்த ஒரு சீப்பு, உங்க போனோட சொந்த அலறலையே வெளியே தள்ளிட்டு, 20,200 கிலோமீட்டர் தாண்டி வந்த கிசுகிசுவை மட்டும் உள்ளே விட்டிருக்கு. நமக்கு அது பிரியாணிக் கடைக்கு வழி. ஜெகதாப்பட்டினத்தில் இருந்து கிளம்பும் படகுக்கு, அது வீட்டுக்கு வழி.